ஆதனுக்கு நான் போட்ட பொய்க்கோடு

சாயர்புரத்தில் எஸ்தர் அக்கா வீட்டு அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த நேரம். அக்கா அவித்த பனங்கிழங்கை உரித்து நாரைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே என் நோட்டை மடியில் விரித்து வைத்துப் படிக்கிறாள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆறு நாள் கடல் வெயிலில் நின்றவனுக்கு ஏழாம் நாள் எந்தச் சுவரும் மெத்தைதான்.

பக்கம் புரட்டும் சத்தம் நின்றது.

"ஏலே, ஆதன் வந்துருவான் இல்லியா?"

"யாரு?" என்றேன், காது கேட்காதவன் போல.

"ஆதன்லா. கப்பல் ஒடஞ்சி போச்சுன்னு எழுதிருக்க. பலவையப் பிடிச்சிக்கிட்டு மெதந்தான்னும் எழுதிருக்க. கர சேந்துருவான்லா?"

"சேந்துருவான்" என்றேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது ஏற்பட்ட அலுப்பு இன்னும் உடம்பில் எங்கோ இருக்கிறது. ஆதன் ஒரு தொடர்கதையின் நாயகன். அவன் செத்துப்போயிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் தூத்துக்குடி வாசகசாலையில் உட்கார்ந்து அவன் சாவை நானே இரண்டு தடவை படித்திருந்தேன்.

கோடு போடும் உத்தியோகம்

சென்ற இதழில், எங்களைக் கடலுக்குள் கொண்டுபோகும் துறைமுகத்து மோட்டார் லாஞ்சைப் பற்றி எழுதியிருந்தேன். 'உங்கள் தொடரில் வருகிறவர்கள் எல்லோரும் ஏன் இப்படிக் களைத்தே இருக்கிறார்கள்?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, அது யுத்த காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. களைக்காமல் இருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

எனக்கு டாலி கிளார்க் வேலை. அப்போதெல்லாம் பெரிய கப்பல் தூத்துக்குடிக் கரையை ஒட்டி வராது. ஆழம் போதாது. சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு. நாலு நேர்கோடு, ஐந்தாவது குறுக்கே. கப்பல் தரப்புக்கு ஓர் ஆள், கரைத் தரப்புக்கு ஓர் ஆள். இரண்டு பேரும் தனித்தனிப் புத்தகத்தில் கோடு போடுவோம். ஐந்தாவது மூட்டைக்கு இருவரும் சேர்ந்து 'டாலி' என்று குரல் கொடுப்போம். சாயங்காலம் இரண்டு புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி எண்ண வேண்டும்.

நான் கப்பல் தரப்பு. கரைத் தரப்பில் மிக்கேல் அண்ணன். புன்னைக்காயல்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது. அவர் புத்தகத்தில் ஒரு வெங்காய மூட்டை கூடுதலாக இருக்கும், என் புத்தகத்தில் இருக்காது. கடலில் விழுந்ததை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்பதற்காக ஒரு முறை ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. கண்ணால் பார்க்காத மூட்டைக்குக் கோடு போடக் கூடாது.

அந்தச் சட்டத்தை வேலையில் நான் ஒருநாளும் மீறியதில்லை. மீறியது வேறு இடத்தில்.

வந்தது, போனது, சேதம், குறிப்பு

எனக்கு நாவல் பைத்தியம் உண்டு. அதிலும் பழைய நாவல்களும் ராஜா காலத்துக் கதைகளும் என்றால் சோறு வேண்டாம். வாசகசாலையில் அட்டை கிழிந்து, முதல் பத்துப் பக்கம் காணாமற்போன தடித்தடிப் புத்தகங்கள் இருந்தன. படித்ததெல்லாம் மறந்து போகிறதே என்று எழுதி வைக்க ஆரம்பித்தேன். காகிதம் கிடைக்காத காலம். ஆபீஸில் கழித்துப் போட்ட டாலி புத்தகங்களில் பின்பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

டாலி புத்தகத்தில் ஏற்கனவே கட்டம் போட்டிருக்கும். வந்தது, போனது, சேதம், குறிப்பு. கதைக்கும் அதே கட்டம் போதும் என்று தோன்றியது. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்:

'ஏழாம் அத்தியாயம். வந்தது: குதிரை ஐந்நூறு, ஒற்றன் ஒருவன். போனது: ஒற்றன். சேதம்: வாயிற்காவலன் ஒருவன், பாவம், பெயர்கூடச் சொல்லவில்லை. குறிப்பு: இளவரசி மயங்கி விழுந்தாள். இந்தக் கதையில் இது நாலாவது தடவை. வைத்தியரிடம் காட்டுவது நல்லது.'

சுரங்கப் பாதைகளுக்குத் தனியாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஒரே கோட்டையில் பதினொன்று இருந்தது. மிக்கேல் அண்ணனிடம் காட்டினேன். அவர் கதை படிக்கிறவர் அல்ல, படிக்கிறவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறவர்.

"பதினோரு சொரங்கமா? அப்பம் கோட்ட எது மேல வே நிக்கி?" என்றார்.

முத்துக்குளிப்பு வருகிற ஒரு கதையை அவருக்கு வாசித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. ராணி சிப்பியைத் திறக்கிறாள், உள்ளே முத்து சிரிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மிக்கேல் அண்ணன் முகத்தைச் சுளித்தார். "சிப்பியக் குமிச்சிப் போட்டு, அழுவ வச்சி, புழு வச்ச பொறவு கழுவித்தாம் வே முத்து எடுப்பாங்க. அந்த நாத்தம் ஊரத் தூக்கும். ஒம்ம கதையில ஒருத்தனும் மூக்கப் பொத்தலியே" என்றார். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இதெல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டவை. வேறு யாரும் படிப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையிலிருந்த நோட்டை அக்கா வீட்டில் மறந்து விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது, "மீதி எங்கலே?" என்றாள்.

கிழக்கே போனவர்கள்

அக்காவின் புருஷன் பாக்கியநாதன் அத்தானுக்கு ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் உத்தியோகம். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வரும்போது தேக்குப் பெட்டியில் பட்டுத் துண்டும், எனக்கு ஒரு பவுண்டன் பேனாவும் கொண்டுவருவார். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததற்கு முன்னால் எழுதிய ஒரு கடிதம்தான் கடைசி. 'யாரும் பயப்பட வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்தார்.

பிறகு பர்மாவிலிருந்து காடு மலை வழியாக நடந்தே வந்தவர்கள் ஒருவர் இருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். கால் வீங்கி, தலைமுடி கொட்டி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் வந்தார்கள். யார் வந்தார்கள் என்று கேள்விப்பட்டாலும் அக்கா அந்த வீட்டுக்குப் போய் நிற்பாள். ஒருவர், ஆற்றங்கரையில் காய்ச்சலோடு பார்த்தேன் என்றார். அடுத்த வாரம் அவரே, அது வேறு ஆளாக இருக்கும் என்றார். கொஞ்ச நாளில் அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் அவள் 'மீதி எங்கலே' என்று கேட்டபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் என் நோட்டு.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் கொற்கைத் துறைமுகத்தை வைத்து ஒரு சரித்திரத் தொடர்கதை ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை என்பதால் வாசகசாலையில் அதற்கு அடிதடி. பத்திரிகையை வெளியே விட மாட்டார்கள். காகிதத் தட்டுப்பாட்டில் புதுச் சந்தாவும் சேர்ப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் போய்ப் படித்து, நோட்டில் எழுதி, ஞாயிறு காலை, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் சாயர்புரம் கொண்டுபோவேன். கட்டங்களை விட்டுவிட்டு அக்காவுக்காகக் கதையாகவே எழுத ஆரம்பித்தேன். கடைசியில் மட்டும் வந்தது, போனது, சேதம்.

ஆதன் கொற்கையில் ஒரு மரக்கலத்தின் தலைவன். அவன் மனைவி நங்கை. கதை தொடங்கிய சில வாரங்களிலேயே அவன் சரக்கோடு கடல் தாண்டிப் புறப்பட்டுவிட்டான்.

"இவனும் கெழக்கதான் போறான்" என்றாள் அக்கா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஆதன் வருகிற பக்கத்தை அவள் இரண்டு முறை படிப்பதைக் கவனித்தேன்.

புதுக்கோட்டையில் நின்ற பஸ்

அந்தச் சனிக்கிழமை ஆதனின் கப்பல் உடைந்தது. அதோடு விட்டிருக்கலாம். கதாசிரியர் விடவில்லை. விடியற்காலையில் உடலைக் கரையில் ஒதுக்கி, நங்கையை அழைத்துவந்து, மோதிரத்தை வைத்து அடையாளம் காண வைத்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். அவர் மட்டும் அன்றைக்கு என் எதிரே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

வழக்கம் போல நோட்டில் எழுதினேன். சேதம் என்ற கட்டத்தில் 'ஆதன்' என்று போட்டேன். 'நங்கை மோதிரத்தை அடையாளம் கண்டாள்' என்று முடித்தேன்.

மறுநாள் காலை பஸ், தூத்துக்குடியை அடுத்த எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையில் நின்றது. அது எப்போதும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்கிப் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறிவிட்டு, புகையில் இருமிக்கொண்டே பீடி பற்ற வைப்பார். அரை மணி நேரம் ஆகும். நான் நோட்டை எடுத்து நேற்று எழுதியதைப் படித்தேன். இதை அக்கா கையில் கொடுக்க முடியாது என்று தெரிந்தது. பையில் ஒரு வெற்று டாலி புத்தகம் கிடந்தது. அதை எடுத்து முழங்காலில் வைத்து, கப்பல் உடைந்தது வரை அப்படியே எழுதினேன். அதற்கப்புறம் 'ஆதன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டான்' என்று எழுதினேன். சேதத்தில் 'கப்பல் ஒன்று' என்று மட்டும் போட்டேன்.

கண்ணால் பார்க்காத மூட்டைக்கு நான் போட்ட முதல் கோடு அது.

செத்தவனைக் காப்பாற்றுவது

ஒரு பொய்யை ஒரு நாள் சொல்வது சுலபம். வாரா வாரம் சொல்வது கூலி வேலை. ஆதனை ஒரு தீவில் ஒதுக்கினேன். காய்ச்சல் வர வைத்தேன். யாரோ ஒரு கிழவி கஞ்சி கொடுத்தாள். முத்துக்குளிக்கிற ஒரு கூட்டத்தில் அவனைக் கொண்டுபோய் அடிமையாகச் சேர்த்தேன். மிக்கேல் அண்ணன் சொன்ன சிப்பி நாற்றத்தை ஒன்றுவிடாமல் அங்கே கொட்டினேன். லாஞ்சில் போகும்போதும், தோணி வரக் காத்திருக்கும்போதும் எழுதுவேன். கை மூட்டைக்குக் கோடு போடும், மனசு ஆதனுக்குக் கஞ்சி காய்ச்சும்.

"இப்பந்தாம்லே கத நல்லா வருது. முந்தியெல்லாம் அந்தக் கதக்காரன் அரமன அரமனன்னு என்னத்தையோ எழுதுனான். இப்பம் பாரு, நாத்தம் மூக்குல அடிக்கி" என்றாள் அக்கா.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. அச்சில் வந்த கதையைவிட என் கதை நன்றாக இருப்பதாக ஒருத்தி சொல்கிறாள். அந்தப் பெருமையும் சேர்ந்துதான் என்னை நிறுத்த விடாமல் செய்தது. அக்காவுக்காக மட்டுமே செய்தேன் என்று இந்த வயதில் எழுதினால் அது இன்னொரு பொய்க்கோடு.

அசல் தொடர்கதையைப் படிப்பதை நான் விட்டுவிட்டேன். அது ஆதன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாசகசாலையில் அந்தப் பத்திரிகை கிடந்தால் தள்ளி வைத்துவிட்டு யுத்தச் செய்தி பார்ப்பேன். என் சொந்த நோட்டு, அந்த மோதிர வரியோடு அப்படியே நின்றது.

பெரிய கஷ்டம் எதுவென்றால், ஆதனை என்னால் கொற்கைக்குக் கொண்டுவர முடியவில்லை. அவன் கரையேறினால் மறுநாள் காலையிலிருந்து அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனைச் சாகவும் விட முடியாது. வரவும் விட முடியாது. காற்று இல்லை என்றேன். கப்பல் கிடைக்கவில்லை என்றேன். ஐந்தாறு மாதம் அவனை நடுக்கடலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அவ்வளவு களைப்பு எனக்குத் துறைமுக வேலையில்கூட வந்ததில்லை.

நாசரேத்திலிருந்து ஒரு கடிதம்

அந்த வெயில் காலத்தில் சாயர்புரம் குருவானவர் ஒரு கடிதத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தார். நாசரேத்தில் ஒரு பெண்பிள்ளைகள் போர்டிங்கில் மேட்ரன் வேலை காலி. அங்கேயே தங்க வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா அதுவரை தையல் மெஷினை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தாள். கடையில் துணியே இல்லாதபோது யார் தைக்கக் கொடுப்பார்கள்? மெஷின் மேல் தூசி படிந்திருந்தது. நான் கொண்டுபோகிற அரிசியை அவள் வாங்கிக்கொள்வாள், ஆனால் அதை வடிக்கிற அடுப்பு வாரத்தில் பாதி நாள் எரிவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

"போயேன் அக்கா" என்றேன்.

"வீட்டப் பூட்டிட்டுப் போனா, வார மனுசன் பூட்டப் பாத்துட்டு எங்கனலே போவாரு?"

அவள் நோட்டை எடுத்து மடியில் வைத்தாள். பாதி சிரிப்பாக, "மொதல்ல ஆதன் வரட்டும். பொறவு பாப்போம்" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாளை எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. அவளைப் பட்டினியோடு அந்த வாசலில் உட்கார வைத்திருப்பது நான்தான்.

இரண்டு புத்தகம், ஒரு கப்பல்

அந்த வாரம் லாஞ்சில் திரும்பும்போது பையைத் திறந்து போட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மிக்கேல் அண்ணன் மடியில் என் இரண்டு நோட்டும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் வரி பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பத்து வருஷப் பழக்கம், இரண்டு டாலி புத்தகத்தைப் பார்த்தால் அவர் கை தானாக ஒத்துப் பார்க்கும்.

"என்னவே இது? ரெண்டு புஸ்தகம், ஒரு கப்பலு. இதுல ஆளு செத்துக் கெடக்கான். இதுல கஞ்சி குடிக்கான்."

"விடும் வே. அது கத."

"கதைன்னா ஒத்துப் போவாண்டாமா? இது யாருக்கு எழுதுதீரு?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் இரண்டு நோட்டையும் மூடி மடியில் அடுக்கி வைத்துக்கொண்டார். தண்ணீர்த் திவலை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. படித்துறை தெரிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"எங்க சித்தப்பா சங்கு குளிக்கப் போயி மேல வரல. ஊர்க்காரங்க எங்க சித்திட்ட மூணு நாளு சொல்லல. பக்கத்து ஊர்ல கரையேறிட்டாராம், வந்துருவாராம்னு சொன்னாங்க. நல்ல எண்ணத்துலதான். சித்தி மூணு நாளும் அவருக்குச் சோறு வடிச்சி மூடி வச்சா. கடல அவ மன்னிச்சிட்டா வே. அந்த மூணு நாளு சோத்த மட்டும் சாவுற வரைக்கும் மன்னிக்கல."

நோட்டுகளை என் பையில் போட்டார். "மறுபடி எண்ணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மோதிரத்துக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை இரண்டு நோட்டையும் அக்கா முன்னால் வைத்தேன். "இது கதையில வந்தது. இது நான் எழுதுனது" என்றேன்.

அவள் அசல் நோட்டைத்தான் முதலில் எடுத்தாள். சேதத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்க இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"கப்பல் ஒடஞ்ச அன்னைக்கே செத்துட்டானா?"

"ஆமா."

"பலவ, தீவு, அந்தக் கெழவி?"

"எல்லாம் நான்தான்."

"சிப்பி நாத்தமும்?"

"ஆமாக்கா."

அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் அகப்பைக் காம்பால் அடிப்பாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெறுமை. அதற்கடுத்ததும் வெறுமை. கடைசி வரை விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"மோதரத்தப் பாத்தா. பொறவு?"

"பொறவு நான் படிக்கல."

"நங்கை என்ன பண்ணுனா?"

"தெரியாதுக்கா."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. குரல் ஏறவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"செத்தவனுக்குக் கஞ்சி ஊத்தி, காச்சல் பாத்து, ஆறு மாசமா எழுதிக்கிட்டே இருந்திருக்க. உசுரோட இருந்தவ மறுநாக் காலைல எந்திரிச்சி என்ன பண்ணுனான்னு ஒரு வரி எழுதலியேலே. எனக்கு அதுல்லா வேணும்."

பொட்டலக் காகிதம்

மறுநாள் வேலை முடிந்ததும் வாசகசாலைக்கு ஓடினேன். தொடர்கதை முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. பழைய இதழ்கள் ஒன்றுகூட இல்லை. காகிதத்துக்கு இருந்த கிராக்கியில் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

"நங்கை கடைசியில என்ன ஆனா?" என்று வாசகசாலைக்காரரிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகன வளத்து ராசாவாக்குனா. இல்ல, இல்ல, அது வேற கதைல்லா. இவ தீக்குளிச்சாளோ என்னமோ" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். "அண்ணாச்சி, பொட்டலம் மடிக்கிற காயிதத்தக் கொஞ்சம் பாக்கட்டுமா?" எல்லா அண்ணாச்சிகளும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு கடையில் அந்தப் பத்திரிகையின் தாள் ஒன்று கிடைத்தது. புளி ஒட்டியிருந்தது. ஆவலோடு பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம் கூந்தல் தைலம். பின்பக்கம் நங்கை, ஆனால் கதையின் ஆரம்பத்தில் வருகிற நங்கை. ஆதனை வழியனுப்பத் துறையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன். அக்கா வீட்டு நடுவில் தகரப் பெட்டி அடுக்கியபடி திறந்திருந்தது. அத்தான் கொடுத்த பட்டுத் துண்டு மேலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஒண்ணும் கெடைக்கலக்கா" என்றேன்.

"கெடைக்காட்டாப் போவுது. பெட்டியத் தூக்கு. நாசரேத்து பஸ்ஸு வந்துரும்."

வீட்டைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். நேரே எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தாள்.

"வந்தா கேட்டு வாங்கிக்கிடட்டும்" என்றாள். அவர்களிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா, தெரியவில்லை.

நான் எழுதிய நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அசல் நோட்டை முன்பே பெட்டியில் தன் பைபிளுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கதை எழுதுகிற ஆசை அன்றோடு எனக்குத் தீர்ந்தது. படித்ததைக் குறித்து வைப்பது மட்டும் கண் தெரிகிறவரை தொடர்ந்தது.

அக்கா பெட்டியில் இருந்தது

அத்தானைப் பற்றி எந்தச் செய்தியும் கடைசிவரை வரவில்லை. அக்கா இருபது வருஷத்துக்கு மேல் நாசரேத்தில் இருந்துவிட்டுச் சாயர்புரம் திரும்பினாள். போன மழைக்காலத்தில் காலமானாள். அந்தத் தகரப் பெட்டி என் வீட்டுக்கு வந்தது. திறக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. சென்ற வாரம்தான் திறந்தேன். பைபிளுக்குக் கீழே அந்த அசல் நோட்டு.

என் எழுத்தில், 'நங்கை மோதிரத்தை அடையாளம் கண்டாள்.' அதற்குக் கீழே அக்காவின் உருண்டை எழுத்து தொடங்குகிறது. என் கட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

'நங்கை காலையில் எழுந்தாள். வந்தது: பெண்பிள்ளைகள் முப்பத்தெட்டு. போனது: ஒன்றுமில்லை. சேதம்: தண்ணீர்ப் பானை ஒன்று. குறிப்பு: சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.'

கொஞ்சம் தள்ளி: 'நங்கை நாலு பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தாள். சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.'

இன்னொரு பக்கத்தில்: 'வந்தது: அம்மை. போனது: அம்மை. சேதம்: இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.'

'நங்கை இன்று அழுதாள். காரணம் ஒன்றுமில்லை. மணி அடிக்க ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது. சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.'

முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று இரண்டு. சேதத்தில் பானையும், குடையும், ஒரு ஜன்னல் கண்ணாடியும் இருக்கின்றன. அத்தானின் பெயர் எங்கும் இல்லை. நான் விட்ட இடத்திலிருந்து அவளே எழுதி முடித்திருக்கிறாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். அவள் கண்ணால் பார்க்காத எதற்கும் ஒரு கோடுகூடப் போடவில்லை.

கடைசிப் பதிவு, அவள் சாயர்புரத்துக்குத் திரும்பிய நாளில் எழுதியது:

'வந்தது: நங்கை. எதிர்வீட்டில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.'